நூற்று எழுபத்தொன்று

...கை தவறிப் போடவில்லை, தெரிந்தேதான் போட்டார், அதைத்தான் அவராலேயே இன்னும் நம்ப முடியவில்லை, முப்பது வருடம் கணக்கு வாத்தியார், அரை மதிப்பெண்ணுக்கு அழுத பிள்ளைகளைக்கூட மனமிரங்காமல் திருப்பி அனுப்பிய மனுஷன், 171-இல் முன்னால் நின்ற ஒன்றை மட்டும் காம்பு கிள்ளுவதுபோலக் கிள்ளிவிட்டு, 71 என்று குடும்பக் குழுவில் அனுப்பியிருக்கிறார், கீழே கைகூப்பும் படம் வேறு... தெருவுக்குத் தெரிந்தால் சும்மா விடுமா? ஆய்வக ஜன்னலுக்கு எதிரே இரும்பு நாற்காலியில் இன்றைய தாளுக்குக் காத்திருக்கிறார், அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்து இன்றோடு ஆறு நாள், தினமும் விடிந்ததும் ரத்தம் எடுக்கிறார்கள், சி.ஆர்.பி. என்று ஓர் எண், உடம்புக்குள் எங்கே அழற்சி கனன்றாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம், அறுவை முடிந்த கையோடு ஏறத்தான் செய்யும், பிறகு இறங்க வேண்டும், இறங்கவும் செய்தது, நூற்று நாற்பது வரை சமர்த்தாக இறங்கிவிட்டு நேற்று மறுபடி நூற்று எழுபத்தொன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்பத்திரண்டு வயதில் இப்படித் திரும்ப ஏறுவது நல்லதில்லை, மருந்தை மாற்றியிருக்கிறோம், பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார் எலும்பு டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி. பார்க்க வேண்டியவள் ஒருத்திதான், தங்கை, கடல் தாண்டி இருக்கிறாள், டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுபத்தொன்றைப் பார்த்த நிம்மதியில் நேற்று மாலையே அதை ரத்து செய்துவிட்டாள்.

அவளுக்கு எதற்கு வீண் அலைச்சல், லீவு கிடைப்பது கஷ்டம், பையனுக்குப் பரீட்சை... ஆகா, எவ்வளவு கரிசனம், போன தடவை அவள் கிளம்பியபோது வாசல்வரைகூட எழுந்து வராத அண்ணனுக்கு இது எப்போது முளைத்தது? ஜன்னலில் இருந்த பெண் தாளை நீட்டினாள். நூற்றுப் பதினெட்டு. இறங்கியிருக்கிறது, நல்ல சேதிதான், ஆனால் எப்படிச் சொல்வது, நேற்று எழுபத்தொன்று, இன்று நூற்றுப் பதினெட்டு என்றால் ஏறிவிட்டது என்றல்லவா அங்கே அழுவாள், ஐம்பது என்று போடலாமா, அப்புறம் நாளைக்கு என்ன போடுவது, பொய்க்கும் வாய்ப்பாடு எழுதவேண்டும் போலிருக்கிறது. நர்ஸ் எட்டிப் பார்த்து, ஒருநாள் இறங்குனா போதாது சார், தொடர்ந்து இறங்கணும், நெஞ்சுல சளி வேற கட்டியிருக்கு என்று அந்தச் சின்னச் சந்தோஷத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அம்மா கட்டிலில் இன்னும் சின்னதாகியிருந்தாள். விழுந்த அன்று மத்தியானம் மெதுவாகத்தான் கூப்பிட்டாள், ஒரு கை பிடிடா, பாத்ரூம் போகணும் என்று, இவர் போனில் சதுரங்கம், எதிராளியின் ராணி சிக்கப்போகிற நேரம், இரும்மா வரேன், மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் இரும்மா, மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, சத்தம்தான் கேட்டது. தானாக எழுந்து போய் வழுக்கிவிட்டாள், சொன்னால் கேட்கிறாளா என்று டாக்டரிடம், தங்கையிடம், எதிர்வீட்டில், எல்லோரிடமும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியாயிற்று. தங்கை வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து முதலில் என்ன கேட்பாள், எப்படிம்மா விழுந்தே என்றுதானே... அலைச்சலாம், பரீட்சையாம்.

“அவ எப்படா வர்றா?”

“லீவு கிடைக்கலையாம்மா.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கிவிட்டாள் என்று இவர் மெல்ல நகரப் பார்த்தார், அதற்குள் அவள் கை தேடிவந்து மணிக்கட்டைப் பிடித்தது, கொதித்தது.

“வரச் சொல்லுடா. நானா எந்திரிச்சுத்தான் விழுந்தேன்னு சொல்லிக்கிறேன்.”

சட்டைப் பையில் போன் அதிர்கிறது, தங்கைதான், இன்னைக்கு எவ்ளோண்ணா என்று கேட்டிருப்பாள்... அப்படியானால் இந்த ஆறு நாளும், இத்தனை காய்ச்சலோடும், அம்மா படுத்தபடி இவரைப் பற்றியா யோசித்துக்கொண்டிருந்தாள், இவரை எப்படிக் காப்பாற்றுவது என்றா? டிக்கெட் இனிமேல் கிடைக்குமா?