வாள் பிடித்த ஆயம்மா

போடியில் ஏலக்காய் பொறுக்கிவிட்டுச் சிலமலைக்குப் பஸ்சில் வந்து இறங்கிய கலையரசி, வாசலில் செருப்பை விடும்போதே உள்ளே ஆயம்மாவின் குரலைக் கேட்டாள். வெடுக்கென்று இருந்தது. ஆயம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மழைக்காலம் வரைக்கும் அந்தக் குரலில் எந்நேரமும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.  கலையரசி ஏலக்காய் வாசம் பிடித்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த ஆயம்மா கலையரசியின் அம்மா இல்லை. அம்மா ஆயம்மாள் ராசிங்காபுரத்தில் மாட்டையும் பக்கத்து வீட்டுக்காரியையும் ஒரே குரலில் அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். இவள் லேப்டாப்பில் வருகிறவள். முதுகில் வாளும் இடுப்பில் கத்தியுமாக, ராட்சசர்கள் நடமாடும் ஏதோ ஒரு தேசத்தில், விளையாடுகிறவனுக்குத் துணையாக நடக்கிறவள். கலையரசியின் தம்பி கார்முகில், கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் புதிது வாங்கியதும் பழைய லேப்டாப்பை விளையாட்டோடு அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போனான். துணைக்கு வருகிறவளுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் கலையரசியின் புருஷன் சுருளிக்குக் குஷி தாங்கவில்லை. "மொறைச்சுக்கிட்டு நிக்கிறதப் பாரு. உங்கம்மாவேதேன்," என்று மாமியார் பெயரையே வைத்துவிட்டான். கலையரசி அன்று பொழுது முழுக்க அவனோடு பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுருளி போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டினான். சாயங்காலம் பாதை தெரியாதபடி மஞ்சு இறங்கிவிட்டால் மற்ற டிரைவர்கள் வந்தவரைக்கும் போதும் என்று வண்டியை எடுத்துவிடுவார்கள். பின்தங்கியவர் அடுத்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். சுருளி காலையில் ஏற்றிய ஆளில் ஒருவர் குறைந்தாலும் சாவியைத் திருக மாட்டான். அழகுமலை என்று ஒரு பெரியவர், கால் கொஞ்சம் விந்துவார், அவர்தான் தினமும் கடைசி. "மெல்ல வாங்கண்ணே, அவசரமில்ல, நாளைக்குக் காலைல இங்கேருந்தே வேலைக்குப் போயிக்கிருவோம்," என்று சுருளி சத்தம் போடுவான். பசியோடு உட்கார்ந்திருக்கிற ஜீப்பே சிரித்துவிடும். சிரித்தபிறகு யாருக்கும் திட்ட மனசு வராது.

விளையாட்டிலும் அவன் அதே ஆள்தான். ஆயம்மா அவ்வப்போது எதையாவது கேட்பாள். கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுப் பதில்கள் வரும். எட்டாவதோடு நின்ற சுருளிக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. பி.காம். முடித்த கலையரசி பக்கத்தில் உட்கார்ந்து மூன்றையும் தமிழில் சொல்வாள், அவன் யோசித்து ஒரு நம்பரை அமுக்குவான். படிப்பது அவள் சோலி, அமுக்குவது அவன் சோலி. ஆயம்மா முதலில் கூலிக்கு வாள் பிடித்தவளாகத்தான் வந்தாள். யாரையும் நம்பமாட்டாள், அடிபட்டுக் கிடப்பவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள். சுருளி அவளைக் கேலி செய்தான், சமாதானம் செய்தான், பின்தங்கிய எவனுக்காகவும் நின்றான். நாளாக ஆக அவளும் பதிலுக்குக் கேலி செய்தாள். வளைவு வந்தால் அவளாகவே நின்று, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தீபாவளிக்கு வந்த கார்முகில் பார்த்துவிட்டு அசந்துபோனான். "எங்கிட்ட இருந்தப்ப நட்டாத்துல விட்டுட்டுப் போனவ மச்சான் இவ. உங்ககிட்ட என்ன இப்பிடி இருக்கா?"

"நாம பேசுற மாதிரிதேன் மாப்ளே வரும்," என்றான் சுருளி.

அந்தத் தீபாவளி கழிந்து ஒரு மழைச் சாயங்காலம், மெட்டிலிருந்து இறங்கும்போது வளைவில் ஜீப்பு வழுக்கி மலைப்பக்கம் மோதிச் சாய்ந்தது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சுருளிக்கு முன்மண்டையில் அடி. மதுரையில் ஆபரேஷன் செய்து ஆளைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். வேண்டுதல் பலித்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது, கலையரசியும் பட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தவன் வேறு யாரோ என்பது அவளுக்குத்தான் தெரிந்தது. நடந்தான், சாப்பிட்டான், கணக்குக் கேட்டால் சரியாகச் சொன்னான். சிரிப்பு மட்டும் இல்லை. கேலி செய்தால் அது கேலி என்றே தெரியவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோய், "இந்தாம்மா, தண்ணி கொண்டா," என்றான். அழகுமலை மெனக்கெட்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது, "எதுக்கு வந்தீரு?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெரியவர் பழத்தைத் தரையில் வைத்துவிட்டு விந்தி விந்திப் போனதைப் பார்த்து, கலையரசி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் நல்ல மனுஷன், மழுப்பவில்லை. "குணம் முன்ன மாதிரி வருமான்னு கேக்காதீங்கம்மா. எனக்கே தெரியாது," என்றார். கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கட்டும், விளையாடுவார் என்றால் விளையாடட்டும் என்றும் சொன்னார். அப்படித்தான் லேப்டாப் மறுபடி திறந்தது. விட்ட இடத்தில் ஆயம்மா அப்படியே நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் பழைய சுருளியின் நக்கலோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.  வீட்டுக்குத் திரும்பி வராத மனுஷன் இதற்குள் மிச்சமிருக்கிறான் என்று கலையரசிக்குத் தோன்றியது. சுருளி கலையரசியைப் படிக்கச் சொல்லி, மூன்றையும் கேட்டு, "வாய மூடிட்டு வா" என்று பொருள்படும் பதிலை அமுக்கினான்.

அன்றிலிருந்து ஆயம்மா தேய ஆரம்பித்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் பேச்சில் ஒன்று குறைந்தது. முதலில் கேலி போனது, பிறகு கேள்வி கேட்பது போனது. பகலில் கலையரசி வேலைக்குப் போயிருக்கையில், சுருளி படிக்க ஆளில்லாமலே குத்துமதிப்பாக எதையாவது அமுக்குவான் போலிருக்கிறது. இன்று வாசல்வரை கேட்ட வெடுக்கென்ற பேச்சு அதனால் வந்ததுதான். கலையரசி கார்முகிலுக்குப் போன் போட்டு, பழைய ஆயம்மாவைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். "பழசு உள்ள பதிஞ்சிருக்கும், காப்பி எடுத்து வைக்கலாம்க்கா. ஆனா நீ தெறந்து ஒரு பதில் சொன்னாலும் அது உன் பதில்தான். அவ உன்ன மாதிரி ஆவா, மச்சான் மாதிரி இருக்கமாட்டா," என்றான். பூட்டிவைத்துப் பார்க்காமலே இருக்கிற ஒன்றை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவள் மாற்றிப் படித்தாள். "போய்த் தொலை" என்றிருந்த முதல் பதிலை "கூட வா" என்றாள். "கூட வா" என்றிருந்த மூன்றாவதைப் "போய்த் தொலை" என்றாள்.  சுருளி மூன்றை அமுக்கினான். ஆயம்மா ஆச்சரியப்பட்டவள்போல அவனைப் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தாள். தான் வந்து படிக்கிறவரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்வந்து, மறுநாளும் கலையரசி மாற்றினாள், அதற்கு மறுநாளும். நாலைந்து நாளில் ஆயம்மாவின் குரல் தெளிந்தது. ஏலக்காய் பொறுக்குமிடத்தில் பக்கத்தில் இருந்த தமிழ்ச்செல்வி, "என்னடி, மொகம் தெளிஞ்சிருக்கு, அண்ணனுக்குத் தேவலையா?" என்று கேட்டாள். கலையரசி ஆமாம் என்று தலையாட்டினாள். அப்படிச் சொல்லிக்கொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது.

சுருளிக்கு இங்கிலீஷ்தான் தெரியாது, முகம் தெரியும். அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளையாட்டில் ஆற்றோரம் விழுந்து கிடந்த ஒருவனை விட்டுவிட்டு வரச் சொல்வதாக நினைத்து அமுக்கினான். ஆயம்மா ஓடிப்போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். சுருளி திரையைப் பார்த்தான். தன் விரலைப் பார்த்தான். திரும்பத் திரும்ப அந்த விரலை மடக்கி நீட்டினான். முகம் வெளிறிப்போய், வலது கையைக் கட்டில் சட்டத்தில் அடிக்க ஆரம்பித்தான்.

"கை நாஞ் சொல்றதக் கேக்கல கலை. நான் ஒண்ணு நெனைக்கிறேன், அது வேற எதையோ அமுக்குது. மண்டைக்குள்ள எல்லாம் போச்சு கலை."

அடிபட்டதிலிருந்து அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதற்குத்தானா கூப்பிடவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அடித்துக்கொண்டிருந்த அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாந்தேன் மாத்திப் படிச்சேன். சத்தியமா நாந்தேன்."

"சமாதானத்துக்குச் சொல்லாத."

"இல்ல மாமா."

"நீ எதுக்கு மாத்திப் படிக்கப்போற?"

அதற்கு என்ன சொல்வது? முன்னே இருந்த உங்களைத் தேடிப் படித்தேன் என்று இப்போது இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?  அவள் தடுமாறியதை வைத்து அவன், தான் நினைத்தது சரிதான் என்று முடிவுசெய்து, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான். பழைய சுருளியும் அழுவான், அழுதுகொண்டே எதையாவது சொல்லிச் சிரிப்பான். இவன் பயந்து அழுதான்.

கலையரசி லேப்டாப்பை அவன் மடிப்பக்கம் நகர்த்தினாள். "இப்ப உள்ளபடி படிக்கிறேன். அமுக்கிப் பாருங்க," என்றாள்.

பனி மூடிய ஒரு கணவாய். போடிமெட்டு மாதிரியே வளைந்து வளைந்து பாதை. பின்னால் தூரத்தில் ஒரு கிழவன் லாந்தரோடு காலை இழுத்துக்கொண்டு வருகிறான். ஆயம்மா வளைவில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்யலாம் என்று சுருளியைக் கேட்டாள். கலையரசி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஒண்ணு, நில்லு, அவரும் வந்துரட்டும். ரெண்டு, நீ போய்க் கூட்டிட்டு வா. மூணு, அவர விட்டுட்டு வெரசா வா."  ஒன்றை அமுக்கமாட்டானா என்று கடைசி வரைக்கும் நினைத்தாள்.

சுருளி மூன்றை அமுக்கினான்.

 ஆயம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். சுருளி மூச்சுவிடாமல் அவள் கால்களையே பார்த்திருந்தான். அவள் நிற்கவில்லை, பின்னால் பார்க்கவும் இல்லை. அவன் விரலை மடக்கினான், நீட்டினான். முகம் மெல்ல மலர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் ஒரு தரம்கூடப் பார்க்காத சிரிப்பு.

"கேக்குது கலை. கை கேக்குது."

"ஆமா மாமா," என்றாள். அவளும் சிரித்தாள்.

திரையில் கணவாய் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கிழவன் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தான். முன்னால் போகிறவர்கள் வளைவில் தனக்காக நிற்பார்கள் என்று நினைத்தானோ என்னவோ, லாந்தரைத் தலைக்குமேல் தூக்கி, வந்துவிட்டேன் என்பதுபோல் ஆட்டினான். மஞ்சுக்குள் அந்த வெளிச்சம் சின்னதாகிச் சின்னதாகி ஆடிக்கொண்டே இருந்தது.