வெங்கிடு அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்

இந்தக் காலத்தில் எவனும் ஒரு பொருளை நேராகக் கையில் கொடுப்பதில்லை. கொடுக்கிற மாதிரி நீட்டுவான். நாம் கையை நீட்டினால் வயிற்றோடு இழுத்துக்கொள்வான். கடையில் அப்படித்தான். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுக்கும்போதும் அப்படித்தான். இப்போது இழவு வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் அண்ணன் வெங்கிடுசாமி செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். மட்டை உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தார். இரண்டு முனையும் கூர்மை. நடுவில் வெள்ளைத் தையல். ஒரு முனையில் வாய் மட்டும் தெரிந்தது. வாய்க்கரிசி போடுவதற்காக வாயை விட்டுத்தான் தைப்பார்கள். அதில் நான் குறை சொல்லவில்லை.

குறை எல்லாம் அண்ணன் மகன் ஜெயராமனிடம். டெக்சாஸில் இருந்து வந்திருந்தான். பாடை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அங்கே ஆடுகிற ஃபுட்பால் முறையில் அப்பாவை எடுக்கப் போகிறானாம். அந்த ஆட்டத்தை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். பெயர் கால்பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். பெயரிலேயே பொய்.

சங்கு ஊதுகிற மாடசாமி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் வந்தார். அவர்தான் விதி சொன்னார்.

"பையன் பக்கம் பதினொரு பேரு. ஐயாவைத் தூக்கிட்டு சுடுகாட்டுக் கோட்டைத் தாண்டணும். பங்காளிக பதினொரு பேரு மறிக்கணும். ஐயாவைப் பிடிச்சா வாய்க்கரிசி போடலாம். கோட்டைத் தாண்டிட்டா கிடையாது."

"நான் கூடப்பிறந்தவன்யா."

"அப்ப வேகமா ஓடுங்க."

அண்ணனுக்குக் கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு செத்தவர். என் கையால் ஒரு பிடி அரிசி போகாவிட்டால் பசியோடுதான் போவார். எனக்கு அது ஒன்றுதான் கவலை. அரிசியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு பங்காளிகளோடு நின்றேன்.

தெருவின் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். ஜெயராமன் ஆட்கள் ஹெல்மெட் மாட்டி வரிசையாகக் குனிந்தார்கள். நடுவில் அவன் மாமனார் பரமானந்தம். அண்ணன் அவர் கையில். சங்கு ஊதியதும் தன் கால் இடுக்கு வழியாக அண்ணனைப் பின்னால் நீட்டினார். சம்பந்தியின் கால் இடுக்கில் போனார் என் அண்ணன்.

ஜெயராமன் வாங்கினான். பக்கத்தில் ஓடி வந்த ஒரு தடியன் வயிற்றில் திணித்தான். தடியன் கூனிக்கொண்டு, "மாமா, மாமா" என்று கதறியபடி ஓடினான். நாங்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்தோம். அவன் கட்டிப்பிடித்திருந்தது வெறும் துண்டு.

ஜெயராமன் முதுகுக்குப் பின்னால் இருந்தார் என் அண்ணன்.

"இதுக்குப் பேரு பிளே ஆக்‌ஷன், சித்தப்பா."

"அப்படின்னா?"

"குடுக்கிற மாதிரி காட்டிக் குடுக்காம இருக்கிறது."

"அதுக்கு நம்ம ஊர்ல வேற பேருடா."

தப்பான ஆளைப் பிடித்தால் சுடுகாடு பத்து கெஜம் கிட்டே வரும். வந்தது. வேப்பமரங்கள், தகரக் கொட்டகை, எரிமேடை எல்லாம் தரையில் உராய்ந்துகொண்டு வந்து நின்றன.

அடுத்த தடவை ஜெயராமன் அண்ணனைத் தலைக்கு மேலே தூக்கி எறியப் போகிறவன் மாதிரி நின்றான். சிலை மாதிரி நின்றான். நாங்கள் வானத்தைப் பார்த்தோம். பின்னால் வந்தவன் அந்தக் கையில் இருந்ததைப் பறித்துக்கொண்டு ஓடினான். என் பங்காளி சீனிவாசகம் ஏமாறவில்லை. அவனை மடக்கி, மூட்டையைப் பிடுங்கி என்னிடம் தந்தான்.

வாய் இருந்தது. நான் அரிசியைப் போட்டேன்.

"அண்ணாச்சி, நான் டம்மி" என்றது வாய். ரேஷன் கடை குருசாமியின் குரல்.

"நீ எதுக்குய்யா மடிஞ்ச?"

"ஜெயராமன் தம்பி கேட்டுச்சு. மாட்டேன்னு சொல்ல முடியலை."

"அரிசியைத் துப்பு."

"முழுங்கிட்டேனே."

வாய்க்கரிசி விழுந்த வாய். அதோடு அடங்கிவிட்டது. மாடசாமி குனிந்து பார்த்தார். "இவரு ஆட்டத்துல சேர மாட்டாரு" என்று சொல்லி ஓரமாக வைத்தார். சுடுகாடு இன்னும் பத்து கெஜம் வந்தது.

என் கையில் பாதி அரிசிதான் மிச்சம்.

எங்கள் ஊரில் பெண்கள் தெரு முக்கு வரைக்கும் வருவார்கள். அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை. அதனால் அவர்களை மறிக்க நாங்கள் ஆள் போடவில்லை. மதினி ராஜம்மாள் முடியை விரித்துப்போட்டு, இடுப்பில் குடத்தோடு எங்கள் நடுவில் வந்தார்.

"கொண்டலு, கொஞ்சம் வழி விடு. தண்ணி எடுக்கணும்."

விலகினேன். சீனிவாசகத்தையும் விலகச் சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவர்.

அந்த நேரத்தில் ஜெயராமன் ஆட்கள் பத்து திசையில் ஓடினார்கள். எல்லோரும் கூனிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் அழுதார்கள். நாங்கள் ஒவ்வொருவனாகப் பிடித்தோம். துண்டு. துண்டு. ஒரு சுரைக்காய். துண்டு.

சங்கு ஊதியது. மாடசாமி இரண்டு கையையும் உயர்த்தி நின்றார். மதினி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, குடத்துக்குள் இருந்து அண்ணனை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயராமன் ஆட்கள் நெஞ்சோடு நெஞ்சு இடித்துக்கொண்டார்கள். சம்பந்தி இடுப்பை ஆட்டினார். பெற்ற தகப்பன் சாவு. நான் காறித் துப்பினேன்.

"தண்ணி எடுக்கணும்னீங்களே, மதினி."

"நீ உடனே நம்புவேன்னு ஜெயராமன் சொன்னான்."

பிறகு அவர் முகம் மாறியது. கோட்டைத் தாண்டித் திரும்பி என்னிடம் வந்தார். அண்ணனை நீட்டினார்.

"விதி கிடக்குது. இந்தா, போடு. வாய் காஞ்சு போயிருக்கு."

வாய் காய்ந்துதான் இருந்தது. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான். என் கை எழுந்தது.

அப்போது மதினியின் முழங்கையைப் பார்த்தேன். கொஞ்சம் மடங்கி, வயிற்றோடு ஒட்டியிருந்தது. இழுத்துக்கொள்ளப் போகிறவன் முழங்கை அப்படித்தான் இருக்கும்.

"இது யாரு?"

"உங்க அண்ணன்தான்."

"குருசாமிக்கும் இப்படித்தான் வாய் இருந்துச்சு."

மதினி அழுதார். நன்றாகவே அழுதார். துண்டைக் கட்டிக்கொண்டு ஓடின தடியனும் நன்றாகவே அழுதான்.

"கொண்டலு, பசிக்குதுடா" என்றது வாய்.

அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. மாதிரி. செத்தவர் எப்படிப் பேசுவார்? சாகாதவர் என்றால் அரிசி எதற்கு? இரண்டில் எதுவாக இருந்தாலும் என்னை ஏமாற்றுகிறார்கள்.

மிச்ச அரிசியை மடியில் முடிந்துகொண்டேன். கிளம்பினேன். சுடுகாடு நகர்ந்து வந்ததில் எனக்கு வழி பிடிபடவில்லை. வழியில் சம்பந்தி, வீட்டுக்கு இப்படிப் போங்கள் என்று மேற்கே கை காட்டினார்.

நான் கிழக்கே நடந்தேன்.