சங்கு ஊதியபோது போட்ட கையெழுத்து

டமார்!

அபிராமபுரத்தில் அந்தச் சனிக்கிழமை மாலை கேட்ட வெடிச்சத்தத்தில், சுப்புராய முதலியாரின் கையிலிருந்த காபி டம்ளர் மடியில் கவிழ்ந்தது. எதிர்வீட்டு அம்மாள், "ஐயோ, ஜப்பான்காரன்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். தெருக்கோடி அரசமரத்துக் காக்கைகளெல்லாம் வானத்தில் வட்டமடித்தன.

குண்டு ஒன்றும் விழவில்லை. முதலியார் வீட்டு வாசலில் ஒரு பச்சை மோட்டார் கார் நின்று புகைந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த 1943-ம் வருஷம் அது. பட்டணத்தில் பாதி வண்டிகள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. இந்தக் காரின் பின்னாலும் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பீப்பாய் நின்றது.

முதலியார் ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"என் கார்!" என்றார்.

ஓட்டுநர் ஆசனத்திலிருந்து பீர் முஹம்மது இறங்கினான். முகமெல்லாம் கரி. போன வருஷம் வரை லஸ் முனையில் ஜட்கா ஓட்டியவன். இன்று மயிலாப்பூரிலிருந்து ஹைகோர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறவன்.

"சலாம் மொதலியார் சார்! ஊர்லேர்ந்து வந்துட்டீங்களா? அடுப்பு அணைஞ்சுபோச்சு. மூட்டறதுக்கு அரை மணி ஆவும்."

"அடுப்பா? என் காருக்கு முதுகிலே அடுப்பா? தினம் ரெண்டு வேளை தொடைச்சு வச்சிருந்தேனேடா, பாவி! இதைத் திருப்பிக் கொடுத்துட்டு மறுவேலை பாரு. நான் போட்டுக் குடுத்த காகிதம் செல்லாது. கோர்ட்டுக்குப் போவேன்."

பீர் முஹம்மதுவின் சிரிப்பு மறைந்தது. ஜட்காவையும் குதிரையையும் கொடுத்து வாங்கிய கார் அது. லைசென்ஸுக்காக இரண்டு தடவை பரீட்சையில் தோற்று, மூன்றாவது தடவை தேறினான். மந்தைவெளிக் கொல்லனோடு ஒரு மாதம் உட்கார்ந்து அந்தப் பீப்பாயைப் பொருத்தினான். கார் போனால், அவன் கையில் ஒரு சவுக்குகூட மிச்சமில்லை.

"சார், இன்னா சார் சொல்றீங்க? நானு நடந்தா போவணும்?"

காரின் பின்கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் பஞ்சகச்சமுமாக வக்கீல் வைத்தமாநிதி ஐயங்கார் இறங்கினார்.

"அடுப்பு மூட்டற வரைக்கும் எனக்கும் பொழுது போகணுமே, முதலியார்வாள். கேஸை இங்கேயே நடத்திடலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். தினம் கோர்ட்டுக்கு இவன் கார்லதான் போறேன். அதனாலே தீர்ப்பிலே என் சொந்த லாபமும் கொஞ்சம் உண்டு. சம்மதமா?"

முதலியார் வராந்தாவில் நாற்காலி போட்டார். வழக்கு ஆரம்பமாயிற்று.

நடந்தது இதுதான். போன வருஷம் ஏப்ரலில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணமே ஓட்டம் பிடித்தது. ரயிலில் கூரைமேல்கூட இடமில்லை. பெட்ரோல் இல்லாத முதலியாரின் கார் எட்டு மாதமாகக் கொட்டகையில் நின்றது. சாயங்காலமானால் முதலியார் அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவ்வளவுதான் அதன் பிரயாணம். சம்சாரம் சொர்ணத்தை அந்த எட்டு மாதத்தில் மந்தைவெளிக்கு அப்பால் எங்கும் கூட்டிப் போனதில்லை. பஸ்ஸில் ஏறுவது அவருக்குக் கௌரவக் குறைவு.

அப்படியிருக்க ஒருநாள் காலை பத்து மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்துகொண்டிருந்த பீர் முஹம்மது, மிரண்ட குதிரையை முதலியாரின் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு வந்து ஒண்டினான். முதலியார் வீட்டுக்குள் மேஜைக்கு அடியில் இருந்தார்.

"ஓடாத காரைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, ஓடற வண்டி இதோ நிக்குது பாருங்க" என்றாள் சொர்ணம்.

மேஜைக்கு அடியிலிருந்தே முதலியார் கத்தினார்: "பீரு! உன் ஜட்காவையும் குதிரையையும் குடு, என் காரை எடுத்துக்கோ!" பீர் முஹம்மது முதலில் தயங்கினான், பிறகு சரியென்றான். முதலியார் தினசரிக் காலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே குடும்பம் திருமழிசையிலுள்ள சொர்ணத்தின் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டது. இந்தப் பொங்கலுக்குத்தான் திரும்பினார்கள்.

"பயத்திலே போட்ட கையெழுத்து. எப்படிச் செல்லும்?" என்றார் முதலியார்.

"பயந்தீர், வாஸ்தவம். நானும்தான் பயந்தேன். எங்காத்து ஜானு குளிச்சிண்டிருந்தவ ஈரப் புடவையோட ஓடி வந்தா. ஆனா சட்டம் கேக்கறது, உம்மைப் பயமுறுத்தினது யாருன்னு. இவன் உம்ம கழுத்திலே கத்தி வச்சானா?"

"சங்கு ஊதினதே!"

"சங்கை இவனா ஊதினான்?"

"பீடி ஊதவே எனக்கு மூச்சு பத்தலை சாமி" என்றான் பீர் முஹம்மது, அடுப்பைக் கிளறிக்கொண்டே.

முதலியார் முறைத்தார். "ஸ்டாம்பு இல்லை, சாட்சி இல்லை. காலண்டர் தாள்! அதுக்கு என்ன மதிப்பு?"

"வீடு, நிலம்னா பத்திரம் வேணும், ரிஜிஸ்டர் ஆபீஸ் வேணும். காரும் குதிரையும் ஓடற சாமான். அதுக்கு வாய்வார்த்தையே போதும், ஓய். ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் சரிங்கணும், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஏதாவது மாறணும். நீர் தாராளமா எழுதியே குடுத்திருக்கீர். எங்கே அது?"

பீர் முஹம்மது லைசென்ஸ் வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்து தாளை நீட்டினான். வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கடைசி வரியில் அவர் மீசை துடித்தது.

"'இத்துடன் கொள்ளு ஒரு மூட்டையும், லாடம் இரண்டு ஜோடியும் சேர்த்துத் தரவேண்டியது.' மேஜைக்கு அடியிலிருந்தா இதை எழுதினீர்?"

முதலியார் வேட்டியிலிருந்த காபிக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"உயிர்பயத்திலே இருக்கிறவன் லாடத்துக்குப் பேரம் பேசுவானோ?"

"சரி, அப்ப என் புத்தி சரியா இல்லைன்னு வச்சுக்குங்க! காருக்குக் குதிரை ஈடா? எந்த முட்டாள் இதுக்கு ஒத்துக்குவான்?"

"அன்னிக்கு ஈடுதான் சார்" என்றான் பீர் முஹம்மது. அவன் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. "அன்னிக்குக் காலைல மட்டும் மூணு பேரு வண்டி கேட்டு என் கையைப் புடிச்சாங்க. உங்க கார் நவுராது. என் சுல்தான் நவுரும். நீங்க ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா கடுதாசி வேற போட்டீங்க."

"எது?"

தகரப் பெட்டியிலிருந்து ஒரு தபால் கார்டு வெளியே வந்தது. திருமழிசை முத்திரை. வக்கீல் உரக்கப் படித்தார்: "'க்ஷேமம். இங்கு குண்டு பயமில்லை. ஒப்பந்தப்படி எல்லாம் வந்து சேர்ந்தது. சவுக்கு மட்டும் பாக்கி. அதை உடனே அனுப்பவும். காரை உன் பேருக்கு மாற்றும் காகிதம் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.'"

கார்டை மடியில் வைத்துக்கொண்டு வக்கீல் முதலியாரைப் பார்த்தார். "பயம் தெளிஞ்சு, புத்தி தெளிஞ்சு, மாமியார் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுண்டு எழுதினது. எந்த ஜட்ஜும் இதைப் படிச்சுட்டுச் சிரிப்பார். அப்படியே உம்ம பக்கம் சொன்னாலும் ஒண்ணு இருக்கு. காரை நீர் வாங்கிண்டா, குதிரையை நீர் குடுக்கணும். ரெண்டையும் வச்சுக்க முடியாது."

"குதிரைதானே? தாராளமாக் குடுக்கறேன்!"

அந்த நேரத்தில் வாசலில் சலங்கை ஒலித்தது. தோட்டக்கார வேலு ஓட்டி வந்த ஜட்கா உள்ளே நுழைந்தது. தியாகராய நகரில் தங்கையைப் பார்த்துவிட்டுத் தலைநிறைய மல்லிகையும் கைநிறைய வெற்றிலையுமாகச் சொர்ணம் இறங்கினாள். குதிரை பீர் முஹம்மதைப் பார்த்ததுதான் தாமதம், கனைத்துக்கொண்டு கழுத்தை நீட்டியது.

"சுல்தான்!" பீர் முஹம்மது ஓடிப்போய் அதன் நெற்றியில் முகத்தை வைத்தான். "நல்லா கீறியாடா? இன்னா தொந்தி போட்டுட்டே!"

"அதுக்கு இப்ப முத்துன்னு பேரு, பாய்" என்றாள் சொர்ணம். "சாயங்காலமானா வெல்லம் கேக்கும்."

முதலியார் தொண்டையைக் கனைத்தார். "சொர்ணம், காரைத் திருப்பி வாங்கப் போறேன். குதிரையை இவன் ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

சொர்ணம் வக்கீலைப் பார்த்தாள், காரின் முதுகிலிருந்த பீப்பாயைப் பார்த்தாள், கடைசியில் கணவரைப் பார்த்தாள்.

"எதுக்குங்க? மறுபடி கொட்டாயிலே நிறுத்தி வச்சு உள்ளே உக்காந்து பேப்பர் படிக்கவா? இந்த வருஷம் பூரா நான் போகாத எடமில்லே. பூந்தமல்லி, திருவேற்காடு, வாராவாரம் கபாலீஸ்வரர் கோயில், தங்கச்சி வீடு. முத்துவைக் குடுக்கறதா இருந்தா நானும் அது கூடவே போயிடறேன். பாய் வீட்டுலே எனக்கு ஒரு பாய் போடுவாங்க."

"எங்க வூட்டுக்காரி கைசர் ஜஹான் பிரியாணியே போடும்மா" என்றான் பீர் முஹம்மது.

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். முதலியாரும் சிரித்திருப்பார். ஆனால் அவர் கண் காரின் ரப்பர் ஹார்ன்மேல் இருந்தது. மெதுவாகப் போய் அதை ஒரு தடவை அழுத்தினார். பாம், என்றது. அதே குரல்.

பீர் முஹம்மது அதைக் கவனித்தான்.

"சார், ஞாயித்துக்கெழம சாயங்காலம் சவாரி கெடையாது. நானு வரேன். முன் சீட்ல குந்துங்க, அடையாறு வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வருவோம். ஹார்ன் நீங்களே அடிங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா சொன்ன சொல்லுக்குக் கோர்ட்டிலே பலம் கிடையாது" என்றார் வக்கீல். "நாளைக்கு இவன் வரலேன்னா நீர் என்ன பண்ணுவீர்? பதிலுக்கு நீரும் ஏதாவது குடும்."

பீர் முஹம்மதுவின் பார்வை சமையலறைப் பக்கமாகப் போயிற்று. அங்கே ஒரு மூலையில் கொட்டாங்குச்சி குவிந்து கிடந்தது.

"அது போதும் சார். கொட்டாங்குச்சிக் கரி மாதிரி ஒரு கரி உண்டா? வாராவாரம் வூட்ல சேர்ற கொட்டாங்குச்சியைக் குடுங்க."

முதலியார் உள்ளே போய்க் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஞாயிறு ஒரு சவாரி, வாரம் ஒரு கூடை கொட்டாங்குச்சி. ஹார்ன் அடிக்கும் உரிமையை மட்டும் இரண்டு தடவை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பீர் முஹம்மதுவும் கரி விரலோடு போட்டான். அடுப்பில் புகை சீராக எழும்பியது.

"இந்தத் தடவை சங்கு கிங்கு ஒண்ணும் ஊதலை, நல்லாப் பாத்துக்குங்க" என்றார் முதலியார்.

"அன்னிக்கு ஊதினதும் ஒத்திகைதானே, ஓய்!" வக்கீல் காரில் ஏறிக்கொண்டே சொன்னார். "முந்தின நாளே வீட்டுக்கு வீடு நோட்டீஸ் குடுத்தாளே. எங்காத்துக்கு வந்தது. ஜானுதான் படிக்காம விட்டுட்டா."

"எங்க வீட்டுக்கு வரலை சாமி! வந்திருந்தா நான் ஏன் மேஜைக்கு அடியிலே போறேன், ஏன் காரைத் தூக்கிக் குடுக்கறேன்?"

குதிரைக்கு வெல்லம் ஊட்டிக்கொண்டிருந்த சொர்ணம் திரும்பாமலே சொன்னாள்:

"வந்துதுங்க. அரிசி டின்னுக்கு அடியிலே பத்திரமா வச்சிருக்கேன், எடுத்தாரட்டுமா?"