வேணுவின் பத்து நாள்

ஆதிலட்சுமி அடி அண்ணாமலையில் கிராம நர்ஸ். புருஷன் வேணுவுக்குப் புனேயில் கம்பெனி வேலை. பதினாலு மாசம் கழித்து, 2009 ஆவணியில்தான் வீட்டில் இருக்கப் பத்து நாள் லீவு கிடைத்தது. அவன் வருகிற அன்றைக்கு அவள் கருவாட்டுக் குழம்பு வைத்து, நாலு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவன் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"எப்பத்திலிருந்து ஜுரம்?"

"ரயில்லயே லேசா இருந்திச்சி ஆதி. தூங்கினா சரியாப் போயிடும்."

புனேயில் பன்றிக் காய்ச்சலில் ஆட்கள் சாகிற செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம். வெளியூரிலிருந்து ஜுரத்தோடு வந்தால் தனியாக இருக்கணும் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தவளே அவள்தான். அதோடு பக்கத்து வீட்டு வினோதினிக்கு எட்டாம் மாசம். கர்ப்பிணிகளுக்கு அந்தக் காய்ச்சல் பொல்லாதது.

ஆதிலட்சுமி அவன் மூக்கிலும் வாயிலும் கைக்குட்டையைக் கட்டி, திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே தனியாக வைக்கச் சொன்னார்கள்.

பின்னறை அவனுக்கென்று ஆனது. தட்டும் டம்ளரும் தனி. வேலை முடிந்து வந்ததும் தோட்டத்துப் பக்கம் ஸ்டூல் போட்டு, ஜன்னலை விட்டுத் தள்ளி அவள் உட்காருவாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

மூன்றாம் நாள் வினோதினி கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள்.

"அண்ணன் வந்திருக்காராமே, அக்கா..."

"அங்கயே நில்லு! உள்ள வராத!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. ஆதிலட்சுமி விஷயத்தைச் சொன்ன பிறகும் கிண்ணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடியே திரும்பிப் போனாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேணு கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு தடவை உள்ள வந்துட்டுப் போயேன். கைய மட்டும் பிடிச்சிக்கிறேன்."

அவள் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. இழுத்தால் போதும். பதினாலு மாசமாக அவளும் அதற்குத்தானே ஏங்கினாள்?

"நாளைக்கு வினோதினிக்கு நான்தாங்க ஊசி போடணும்," என்றாள். தாழ்ப்பாளை விட்டுவிட்டு அவளும் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. அதே காய்ச்சல்தான். ஜுரம் விட்ட பிறகும் ஒரு நாள் பொறுத்து, ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தாள். வேணு இளைத்துப் போயிருந்தான். அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தடுப்பூசி முகாம். மதியம்தான் வர முடிந்தது. அவள் மடியில் தலை வைத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். சொல்ல வைத்திருந்தது எவ்வளவோ. எழுப்ப மனசு வரவில்லை. அவன் முடியைக் கோதியபடி, கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவன் பஸ் ஏறிவிட்டான்.

தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. புரட்டாசியில் வினோதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூணு கிலோ. அதைச் சொல்ல ஆதிலட்சுமி புனேக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றான் வேணு. "பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கேன்."

"குடுப்பாங்களா?"

"கேட்டிருக்கேன் ஆதி."