பயணம் போகிறவர்களுக்கான ஊசி

பர்சானாவின் பள்ளிக்கூடப் பையை எடுத்து வைக்கும்போதுதான் ஹசீனா அந்தப் பச்சைத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். மகளுடையது நீல பாட்டில். பச்சை, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் முனீஸ்வரியுடையது. இருவரும் வாய் வைத்து மாற்றி மாற்றிக் குடிப்பார்கள்.

மகளை அடக்கம் செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மூளைச்சவ்வுக் காய்ச்சல். தலைவலி என்று படுத்தவளுக்கு மறுநாளே உடம்பெங்கும் ஊதாப் புள்ளிகள். நெருங்கிப் பழகியவர்கள் மாத்திரை சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முனீஸ்வரி ஊரில் இல்லை. காலாண்டு விடுமுறை விட்டதும், ஏலக்காய் பறிக்கும் அம்மா சுருளியம்மாளோடு குரங்கணி மலைக்குப் போய்விட்டாள். அங்கே போன் கிடைக்காது.

"நீ எதுக்கு? ஆள் அனுப்புறேன்" என்றார் கணவர் இப்ராஹிம்.

"ஆள் சொன்னா சுருளி நம்ப மாட்டா. நான் போறேன்."

அவர் ஜீப்பு பிடித்துக் கொடுத்தார்.

மலையேறும்போது அந்த நாள் நினைவுக்கு வந்தது. உம்ராவுக்காக மெக்கா போகுமுன் மதுரையில் இதே தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட நாள். கண்ணை இறுக மூடியிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பர்சானா சிரித்தாள். "சின்னப் புள்ள தோத்துச்சு போம்மா."

"பாப்பாவுக்கும் போட்டுரலாமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இவ வரலம்மா. பயணம் எங்களுக்குத்தான்" என்றாள் ஹசீனா.

நோய் எங்கிருந்து வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஹசீனாவும் அல்லாஹ்விடம் அதைக் கேட்கவில்லை. தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் தொழுகையிலும் திரும்பத் திரும்ப வந்தது.

ஏலத்தோட்டத்தில் சுருளியம்மாள் இடுப்புக் கூடையோடு ஓடிவந்தாள். "என்ன பாயம்மா, இம்புட்டு தூரம்? பாப்பா வரலையா?"

ஹசீனா சொன்னாள். சுருளியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பறித்த காய்கள் சிதறின. வெகுநேரம் ஹசீனாவின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"முனீஸ் எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. அந்தா, லயத்து வீட்டுல."

"வெரசா கிளப்பு. மாத்திரை குடுத்து ஊசி போடணும்."

"நீங்க போட்டுக்கிட்ட அந்த ஊசி மெக்காவுக்குப் போறவுகளுக்குத்தானே பாயம்மா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், சுருளி."

சுருளியம்மாள் லயத்துக்கு ஓடினாள். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆஸ்பத்திரிக்குப் போறோம் என்று மட்டும் சொல்லி ஜீப்பில் ஏற்றினாள். முனீஸ்வரி மடியில் நீல பாட்டிலை வைத்திருந்தாள். தோழியிடம் கொடுக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் முதலில் மாத்திரை கொடுத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் முனீஸ்வரி பின்வாங்கினாள். ஹசீனா கையை நீட்டினாள். பிள்ளை அதை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது.

எல்லாம் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேட்டாள்: "பர்சானாவுக்குப் போடும்போது அழுதாளாம்மா?"

சுருளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவளுக்குப் போடல தாயி" என்றாள் ஹசீனா. பிறகு மெதுவாக, கையை விடாமலே, மீதியையும் சொன்னாள்.