முருகலட்சுமி விரட்டிய எதிரொலி

பரளச்சியில் முருகலட்சுமியின் வீட்டு எதிரொலி, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியேறி, ஊருக்குத் தெற்கே சங்கையா புஞ்சையில் வற்றிக் கிடந்த கிணற்றில் குடியேறியது. எதிர்வீட்டுக் கருத்தம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். பழஞ்சேலை ஒன்று காற்றில் மிதந்து போவதுபோலச் சீமைக்கருவேல மரங்களுக்கு மேலாகப் போனது என்றாள். அந்த வாரம் மல்லி விலை விழுந்திருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

முருகலட்சுமி விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துவந்தாள். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் வீட்டுமனை விற்கிறவர்களும் எழுதி அனுப்புவதை வீட்டிலேயே வாசித்துப் பதிந்து அனுப்புவாள். ஆட்டோக்களில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களில் அந்தக் குரல் டவுன் முழுக்கச் சுற்றும். கணவன் விஜயபாண்டி லோடு ஆட்டோ ஓட்டினான். பதிவுக்கு அவளுக்கு வாய்த்தது, இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற சாமான் அறை. பூசிய சுவர், வெறுந்தரை. பேசியதெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கில் விழுந்தது. "குரல் நல்லாருக்கு மேடம். ஆனா குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரியில்ல இருக்கு," என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். தீபாவளி வேலை கைநழுவப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

முதலில் முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தாள். சுவர்தான் அழகானது, சத்தம் குறையவில்லை. கனமும் மெத்தென்றிருப்பதும்தான் காரியம் என்று கண்டுகொண்டு, கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிறுத்தினாள். ஜமுக்காளங்களைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டாள். மூலைகளில் பஞ்சு மூட்டை, தரையில் சாக்கு, மேசைமேல் கம்பளி, கதவிடுக்கில் டியூப் ரப்பர். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் கை தட்டிப் பார்ப்பாள். திரும்பி வருகிற சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றுமே வரவில்லை. காதோரம் அனல் மூச்சு போல ஏதோ உரசிப் போனது, அவ்வளவுதான். அன்று அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி வேலை முழுவதையும் அவளுக்கே கொடுத்தார்.

எந்த விளம்பரமானாலும் முடிவில் ஒரே வார்த்தைதான்: வாங்க. எதிரொலியிடமும் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் தங்கியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அது முருகலட்சுமியின் குரலில், குழைவாக, வாங்க, வாங்க என்றது. முதலில் போனவை சின்னச்சாமியின் வெள்ளாடுகள். வரிசையாகப் போய், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்கின. விஜயபாண்டி அந்தப் பக்கம் லோடு ஏற்றப் போனவன் வெளிறிப்போய் வந்து நின்றான்.

"ஏ முருகு, நீ வீட்டுலதான் இருக்கியா? கெணத்துக்குள்ள உன் சத்தம் கேக்குது."

"வேல கெடக்குங்க. தீவாளி முடியட்டும், போய்ப் பாப்போம்," என்றாள் அவள். கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள். அறைக்குள் வெளிச் சத்தம் எதுவும் வராது.

கருத்தம்மாள் தனிக்கட்டை. ஒரு விசேஷத்துக்கு வா என்று அவளை யாரும் கூப்பிட்டு வருசங்களாகியிருந்தன. ஐப்பசியில் ஒரு மத்தியானம் தலையைச் சீவி, நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு தெற்கே நடந்தாள். கிணற்றுக்குள் கயிற்றுக்கட்டிலை இறக்கி அவளைத் தூக்கியபோது உயிர் இருந்தது. கூட்டத்தில் முருகலட்சுமியைத் தேடிப் பார்த்து, "நீ கூப்புட்டியேன்னுதான தாயி வந்தேன்," என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய விஜயபாண்டியின் வண்டி பந்தல்குடியைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று முருகலட்சுமி கிணற்றுமேட்டில் போய் நின்றாள். வராதீங்க என்று கத்தினால் கடைசித் துண்டான ‘ங்க’ மட்டும்தான் நின்று, அதுவும் வாங்க என்றே காதில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். யோசித்து, அடித்தொண்டையிலிருந்து, "போங்க!" என்றாள். தொண்டை கட்டும்வரை அதையே சொன்னாள். கடைசியில் கிணறும், போங்க என்றது. மேட்டில் நின்ற ஆடுகள் திரும்பி நடந்தன. ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மார்கழியில் சின்னச்சாமி மிச்ச ஆடுகளை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனான். கேட்டால் மழை இல்லை என்றான். தை பிறந்ததும் மேலத்தெருவில் வீடு வீடாகப் பூட்டினார்கள். பிள்ளைகள் படிப்பு என்றார்கள், கம்பெனி வேலை என்றார்கள். போங்க, போங்க என்றபடியே இருந்த கிணற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சங்கையாவும் தன் புஞ்சையைத் தரிசாகவே போட்டுவிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினார். விஜயபாண்டிக்கு அவ்வளவு லோடு எந்த வருசமும் கிடைத்ததில்லை. கட்டில், பீரோ, ஆட்டுக்கல் என்று ஏற்றிக்கொண்டே இருந்தான். முருகலட்சுமி மறுபடியும் கிணற்றுக்குப் போய் வேறு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அது புதிதாகக் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டிருந்தது. வாங்க என்ற பழைய வார்த்தையைச் சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

பங்குனியில் விஜயபாண்டி தன் துணிமணியையே வண்டியில் வைத்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. "நீயும் கெளம்பு," என்றான். அவளுக்குக் கால் எழவில்லை. அவரவர் குரல் அவரவரை விரட்டுவதில்லை. "போயிட்டு வாரேன் முருகு," என்று சொல்லிப் போனவன் கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் செய்தான்.

"ஒரு வார்த்த வாங்கன்னு சொல்லு முருகு. இப்பவே வண்டிய எடுத்துர்றேன்."

போனைக் காதில் வைத்தபடி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த கருத்தம்மாளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"சாப்ட்டீகளா?" என்று கேட்டாள்.

விளம்பரங்களிலும் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, வருகை தாருங்கள் என்று மாற்றி வாசித்தாள். கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆடித் தள்ளுபடி வேலை வந்தபோது ஜமுக்காளங்களை அவிழ்த்து மடித்தாள், மெத்தையைக் கட்டிலில் போட்டாள். மேசையை வாசலுக்கு இழுத்து, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாள். தெருவில் வெயில் மட்டும் நின்றது. பதிவைக் கேட்ட ஜவுளிக்கடைக்காரர், "இப்பத்தான் மேடம் சுத்தமா இருக்கு. ஒரு நாய்ச் சத்தம்கூட இல்ல," என்றார்.