தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல்

இங்கிலீஷ் வருசப் பிறப்பன்று தீர்மானம் எடுப்பதும், பொங்கலுக்குள் அதைக் கைகழுவுவதும் ஐஸ்வர்யாவுக்குப் பழகிப்போன காரியம். போன வருசம் தினமும் காலையில் நடப்பேன் என்றாள். ஆறு நாள் நடந்தாள். ஏழாம் நாள் பனி, எட்டாம் நாள் தூக்கம், அத்தோடு சரி. "நம்ம ஐசுக்கு எல்லாம் ஆரம்ப சூரத்தனந்தான்" என்று அவளுடைய மதினி மாரிச்செல்வி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த வருசம் டைரியில் மூன்று வரி எழுதினாள். தினம் ஒரு படமாவது எடுப்பது. யார் முகத்தையும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்காமல் இருப்பது. தெருவில் இருக்கிற எல்லாரையும், ஒருத்தர் பாக்கியில்லாமல், தனித்தனியாக நல்ல படம் எடுத்து வைப்பது.

முதல் இரண்டும் ஆசையில் எழுதியவை. மூன்றாவதைப் பயத்தில் எழுதினாள்.

அச்சங்குளம் போகிற ரோட்டு விலக்கில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. கல்யாணப் படமும் அங்கேதான், பிளக்ஸ் டிசைனும் அங்கேதான். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலையில் வெடித்தாலும் மறுநாள் காலையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு யாராவது வந்து நிற்பார்கள். கையில் ஆதார் அட்டை இருக்கும். விரல்நகம் அளவுப் படம். அதைப் பத்தடிக்குப் பெருக்கினால் மூக்கும் முழியும் கரைந்துபோய்ப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. கார்த்திகை மாதம் ஒரு பெண்ணைக் கல்யாண வீட்டுக் கும்பல் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் நின்றவரின் தோளும் கூடவே வந்துவிட்டது. அந்தத் தோளோடுதான் பிளக்ஸ் மூன்று நாள் தெருமுக்கில் நின்றது.

அன்றிலிருந்து ஐஸ்வர்யாவுக்கு ஒரே நினைப்பு. மதினிக்கு என்று ஒரு படம் கிடையாது.

மாரிச்செல்விக்கு அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் புருசன், அதாவது ஐஸ்வர்யாவின் அண்ணன், லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கேமராவைக் கண்டாலே மதினி அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள்.

"தனியா நின்னு படம் எடுத்தா அது பிளக்ஸுக்குத்தான் ஆகும். எனக்கு வேண்டாம்டி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் தெரு முழுக்க அதை நம்பியது. சொன்னால் என்ன, ஐஸ்வர்யாவும் பாதி நம்பினாள்.

ஜனவரி மூன்றாம் தேதி காலையில், கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், கெஞ்சிக் கூத்தாடி மதினியை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்திவிட்டாள்.

"நேராப் பாருங்க மதினி. தோளத் தாழ்த்துங்க. லேசாச் சிரிச்சாப் போதும்."

"சீக்கிரம் எடு. வேன்காரன் கத்துவான்."

எடுத்தாள். வேன் ஆரன் கேட்டது. "சாயந்தரம் பாத்துக்கிடுதேன்" என்று சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மதினி ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஐஸ்வர்யா படத்தைப் பார்த்தாள். பின்னால் வெறும் வெள்ளை, வெட்டி எடுக்கத் தோதாக. காது தெரிய ஒதுக்கிய முடி. இரண்டு பக்கமும் பேர் போடவும் தேதி போடவும் இடம். நல்ல படம் எடுக்கிறேன் என்று நின்றவளின் கை, அண்ணாச்சி கடையில் பழகிய பழக்கத்தில் அஞ்சலிப் படத்தை எடுத்து வைத்திருந்தது.

பதினொன்றரை மணிக்குக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சத்தத்தைத் தரம் பிரிக்கத் தெரியும். வெடித்துச் சோதித்துப் பார்க்கிற சத்தம் காதோடு போய்விடும். இது தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. வெளியே ஓடி வந்து பார்த்தால் அச்சங்குளத்துத் திசையில் புகை திரண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

மதினிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க முடியாது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; எல்லார் போனும் கேட்டில் மர அலமாரியில்தான் கிடக்கும். தெரிந்தும் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"ஏறு தாயி" என்று தனுஷ்கோடி வண்டியை எடுத்தார்.

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளில் கேமராப் பை தொங்கியது. அதற்குள் மதினி நேராகப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். இருக்கன்குடி ஆத்தா, இந்தப் படத்த அழிச்சிருதேன், ஆளை விட்டிரு. சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். போன் என்றால் அழித்த படம் முப்பது நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். இதில் அப்படிக் கிடையாது.

அழித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அது கேட் வரைக்கும்தான்.

வெடித்தது மதினி வேலை பார்க்கிற கம்பெனியேதான். கேட்டுக்கு வெளியே ஊரே திரண்டு நின்றது. உள்ளே புகைக்குள் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வாட்ச்மேன் வேலுச்சாமி மர அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அலமாரியில் நூறு போன் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. சில அதிர்ந்து அதிர்ந்து கீழே விழுந்தும் அடித்தன. திரைகளில் வெளிச்சமாக அம்மா என்றும் வீடு என்றும் பெரியவன் என்றும் வந்துகொண்டே இருந்தது.

"எதை எடுத்து யாருக்கு என்னன்னு சொல்ல?" என்று வேலுச்சாமி யாரிடமோ கேட்டார்.

ஒரு பெண் போலீஸ் நோட்டோடு வந்தாள். "உங்க ஆளு பேரு?"

"மாரிச்செல்வி."

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

ஐஸ்வர்யா வாயைத் திறந்தாள். கேமரா வழியாக அத்தனை நேரம் பார்த்தவளுக்குச் சேலை நிறம் வரவில்லை. நீலமா, பச்சையா.

"போட்டோ இருந்தா காட்டும்மா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

போனில் தேடினாள். இருக்கன்குடியில் எடுத்ததில் மதினியின் பாதி நெற்றி. சொந்தக்காரர் சடங்கு வீட்டில் யாருடைய கொண்டைக்கோ பின்னால் ஒரு கண். கல்யாணப் படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அதிலும் தலை குனிந்துதான் இருப்பாள்.

"காலையில எடுத்தேன்னியே தாயி" என்றார் தனுஷ்கோடி.

"அழிச்சுட்டேன் அண்ணாச்சி."

நழுவிய கேமராப் பையை அவள் தோளில் ஏற்றிவிட்டார் அவர். திட்டியிருந்தால் தேவலை. போலீஸ்காரி பெயருக்கு நேராக எதையோ எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். யாரும் எடுக்காத போன்கள் ஒவ்வொன்றாகச் சார்ஜ் தீர்ந்து அடங்குவதைக் கேட்டபடி ஐஸ்வர்யா நின்றாள். ஆளைக் காப்பாற்றுகிறேன் என்று, ஆளைத் தேடுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, ஆலைக்குப் பின்பக்கக் கருவேலங்காட்டிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். வேலியைத் தாண்டி ஓடியவர்கள். காலில் செருப்பில்லை, கையெல்லாம் முள் கீறல். நான்காவதாக வந்தவள் மாரிச்செல்வி. தலையிலிருந்து பாதம் வரை வெள்ளிநிற வெடிமருந்துப் பொடி.

ஐஸ்வர்யா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். மதினி அழவில்லை.

"ஐசு. காலையில எடுத்தியே, அந்தப் படம் இருக்கா?"

"இல்ல மதினி. பயந்துபோயி அழிச்சுட்டேன். இனிமே எடுக்கவே மாட்டேன்." மதினிக்கு இதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் சொன்னாள்.

மாரிச்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"எடு."

"இப்பவா? வீட்டுக்குப் போவோம் மதினி."

"வார வழியில மூணாம் ரூம்புகிட்ட ஒருத்தியத் தூக்கிட்டுப் போனாக. யாருன்னு என்கிட்டதான் கேட்டாக. நாலு வருசமா எம்பக்கத்துல உக்காந்து வேல பாத்தவளாத்தான் இருக்கணும். கால் மெட்டியப் பாத்துப் பேரு சொன்னேன். சரியாச் சொன்னனான்னு எனக்கே தெரியல."

ஐஸ்வர்யா கேமராவை எடுத்தாள். கண்ணாடிக்குள் மதினியின் முகம் அசைந்து அசைந்து கலங்கியது. மதினி எங்கேயும் ஒதுங்காமல், யார் முதுகையும் தேடாமல், நேராக நின்றாள்.

"கம்பெனி தொறந்தா நான் வரத்தான செய்யணும்" என்றாள் மாரிச்செல்வி. "ஆடாம எடு. உங்க அண்ணனுக்கு அடையாளம் தெரியணும்."